மழை விட்ட மண் நிறத்தில் ஒரு குடும்பம்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, பெரிய மருத்துவமனையின் ஊழியர் குடியிருப்பில், இரண்டாம் கட்டடத்துத் தபால் பெட்டிகளுக்கு மேல் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. குடியிருப்பில் வசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் மார்ச் முடிவதற்குள் ஒத்திசைந்த உடையில் குடும்பப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட படம் இல்லாத குடும்பங்களின் வீட்டு ஒதுக்கீடு ஏப்ரலில் புதுப்பிக்கப்படாது. கீழே, காட்சி ஒழுங்குப் பிரிவு என்று ஒரு முத்திரை.

அப்படி ஒரு பிரிவு மருத்துவமனையில் இருப்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே அறைக்கு ஆள் போதவில்லை, பிரசவ வார்டில் கட்டில் போதவில்லை என்று வருஷக்கணக்காக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், இந்தப் பிரிவுக்கு ஓர் அலுவலரும் உதவியாளர்களும் ஏசி அறையும் எப்போது வந்தன என்று யோசித்துப் பார்த்தார்கள். யாருக்கும் நினைவு வரவில்லை.

மெஷின்காரர் அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் மூன்றாம் எண் இயந்திரத்தை ஓட்டுபவர் அவர். துணியைப் பற்றி எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும் தனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். இதில் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஒத்திசைந்த உடைன்னா என்னங்க?" என்று பக்கத்தில் நின்ற லிஃப்ட்காரரைக் கேட்டார்.

"எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பொருத்தமா உடுத்தணுமாம். எங்க வீட்டுல ஆளுங்களுக்குள்ளயே பொருத்தம் இல்ல. உடுப்புக்கு எங்க போறது?"

லிஃப்ட்காரர் நாள் முழுவதும் மருத்துவமனை லிஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலமானால் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறுபவர். மெஷின்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் வீடு தரைத்தளம். அது அவருடைய அப்பாவால் கிடைத்தது.

அப்பா அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. படியேற முடியாதவர் இருக்கும் குடும்பத்துக்குத் தரைத்தளம் என்பது குடியிருப்பின் பழைய விதி. காலையில் மருமகள் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும். இடது கையால் சக்கரத்தையும் இடது காலால் தரையையும் தள்ளிக்கொண்டு அவரே ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் போய்விடுவார். எந்த வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை, எவன் எந்தத் திருப்பத்தில் எப்படி ஒடித்தான் என்று ஓட்டுநர்களோடு மதியம் வரை வம்பளப்பார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த வாழ்க்கை அவ்வளவுதான். மாடி வீடு என்றால் அதுவும் இல்லை.

விளக்கக் கூட்டம் அந்த வாரமே நடந்தது. காட்சி ஒழுங்கு அலுவலர் மேடையேறினார். நடுவயதுப் பெண், பேசும்போது எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் காலரைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

"அன்பான குடியிருப்பாளர்களே, இது கட்டாயம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருப்பம் இல்லாதவர்கள் முழுச் சுதந்திரத்தோடு வீட்டைக் காலி செய்யலாம். ஜூன் மாதம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்கப்போவது நோயாளிகளை அல்ல. நோயாளிகளுக்கு அன்று வேறு வாசல். அவர்கள் பார்க்கப்போவது நுழைவுக் கூடத்தின் சுவரை. அந்தச் சுவரில் நீங்கள் குடும்பத்தோடு இருப்பீர்கள். மகிழ்ச்சியாக இருப்பீர்கள். இயல்பாக இருப்பீர்கள். இயல்பாக இருப்பதற்கான விதிமுறைகள் வெளியே போகும்போது உங்களுக்குத் தரப்படும்."

பிறகு நிறங்களுக்கு வந்தார். வெள்ளை கூடாது, அது டாக்டர்களுடையது. நீலம் கூடாது, நர்ஸ்கள். பச்சை அறுவை அரங்கம். பழுப்பு காவலாளிகள். இளஞ்சிவப்பு துப்புரவுப் பிரிவு. சாம்பல், சவக்கிடங்கு. சிவப்பு ரத்தத்தை நினைவூட்டும். கறுப்பு எதை நினைவூட்டும் என்று மருத்துவமனையில் வைத்துச் சொல்ல அவர் விரும்பவில்லை. கோடு போட்ட துணி மனத்தடுமாற்றத்தைக் காட்டும். கட்டம் போட்டது கம்பிக் கதவைக் காட்டும்.

"குடும்பத்தினர் வேலை செய்கிறவர்களைப் போலத் தெரியக் கூடாது. அதுதான் அடிப்படை," என்றார்.

லிஃப்ட்காரர் எழுந்தார். "மேடம், இதெல்லாம் போக மிச்சம் என்ன நிறம் இருக்கு?"

"அதைத்தான் உங்களுக்கு ஒதுக்கப்போகிறோம்."

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறக் குடும்பம் ஒதுக்கப்பட்டது. லிஃப்ட்காரருக்குத் தயங்கும் ஆரஞ்சு கிடைத்தது. மெஷின்காரருக்கு மழை விட்ட மண்.

"மண்ணுன்னா பழுப்புதானே மேடம்? பழுப்பு கூடாதுன்னு சொன்னீங்களே," என்றார் மெஷின்காரர்.

"அது மண். இது மழை விட்ட மண்."

"அப்போ ஈரமா இருக்கணுமா?"

"ஈரம் தெரியணும். ஈரமா இருக்கக் கூடாது," என்று அவருடைய காலரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அலுவலர் அடுத்தவரிடம் போனார்.

மெஷின்காரரின் மனைவி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். வலி தெரியாமல் குத்துவார் என்று பெயர் எடுத்ததால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ஊசியக்கா. கையில்தான் அந்த நிதானம். வாய் வலிக்கும்படியே குத்தும்.

"மண்ணாம், மழையாம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஊர்ப்பட்ட பேருக்கு ரத்தம் எடுத்துட்டு வர்றவளுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல். உங்களை யாரு போயி சந்தேகம் கேக்கச் சொன்னது? சும்மா இருந்திருந்தா ஏதாவது மஞ்சளா குடுத்திருப்பாங்க."

"நான் கேட்டதுக்கு முன்னாடியே எழுதிட்டாங்கம்மா."

"உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பாங்க."

அலமாரியில் இருந்த அத்தனையும் கட்டிலுக்கு வந்தன. பெரியவளுக்குப் பதினாறு வயது. அவளிடம் இருந்தவை எல்லாம் கறுப்பு. சின்னவன் ரயில் படம் போட்ட சட்டையைத் தவிர வேறு எதையும் உடம்பில் படவிட மாட்டான். மெஷின்காரரிடம் இருந்த நல்ல சட்டைகள் அனைத்தும் கட்டம் போட்டவை.

"அப்பா, நீங்க இத்தனை நாளா கம்பிக் கதவு மாதிரிதான் இருந்தீங்க போல," என்றாள் பெரியவள்.

"நீ எதை நினைவூட்டுறன்னு அந்தம்மா சொல்லவே இல்ல. அதுக்கு சந்தோஷப்படு," என்றார் ஊசியக்கா.

நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "இதுக்குப் போயி ஏன் இவ்வளவு பாடு? என்னை ஒரு போர்வையால முழுசா மூடிடுங்க. ஆம்புலன்ஸ்ல எத்தனையோ பேரை அப்படித்தான் கொண்டுவந்தேன். ஒருத்தரும் நிறம் சரியில்லன்னு சொன்னதில்ல," என்றார்.

"மாமா, வாயைக் கழுவுங்க," என்று மருமகள் அதட்டினார்.

அதட்டினாலும் அவருடைய சட்டையைத்தான் ஊசியக்கா முதலில் கவனித்தார். அப்பாவின் வலக்கை மேலே தூக்க வராது. அதனால் அவர் சட்டைகள் ஒவ்வொன்றையும் அக்குளிலிருந்து கீழ்வரை பக்கவாட்டில் பிரித்து, அழுத்தும் பொத்தான் வைத்துத் தைத்திருந்தார். புதுச் சட்டை என்றால் அதற்கும் அந்த வேலை உண்டு.

குடும்பத்துக்கு ஒரே துணியாக எடுத்து ஒரே தையல்காரரிடம் கொடுத்துவிட்டால் பொருத்தம் தானாக வந்துவிடும் என்று மெஷின்காரர் கணக்குப் போட்டார். கடைவீதியில் மண் நிறத்தில் எதைக் கேட்டாலும் தீர்ந்துவிட்டது என்றார்கள். மருத்துவமனைக்காரர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிப் போயிருந்தார்கள். அலைந்து திரிந்து, சோபா உறை தைக்கும் கடையில் ஒரு துணியைப் பிடித்தார். தையல்காரர் அளவெடுக்கும்போது, "எத்தனை சீட்டு சோபா?" என்று கேட்டார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்பது தெரியவில்லை.

படம் எடுக்கும் இடம் பல் மருத்துவப் பிரிவின் பின்னால் இருந்த பழைய சாமான் அறை. உள்ளே போகும் முன் வாசலிலேயே நிறச் சோதனை. அது தேறினால்தான் புகைப்படக்காரரைப் பார்க்க முடியும். அப்பாவை நடைவழியில் நிறுத்திவிட்டு மற்ற நால்வரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். அலுவலர் விசிறி போல விரியும் நிற அட்டையை அவர்கள் தோள்மேல் வைத்து வைத்துப் பார்த்தார்.

"ஒத்திருக்கு. ஒத்திசையல."

"ரெண்டுக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

"ஒத்திருந்தா அது சீருடை. ஒரு குடும்பம் சீருடை போட்டிருந்தா, யாரோ கட்டாயப்படுத்தி உடுத்தச் சொன்ன மாதிரி தெரியும். உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

மெஷின்காரர் வாயைத் திறந்தார். ஊசியக்கா அவர் காலை மிதித்தார்.

"இல்ல மேடம்."

"அது உடுப்புல தெரியணும்."

மார்ச் மாதம் பிறந்தது. சோபா துணி சட்டைகள் மூட்டை கட்டப்பட்டன. இந்த முறை ஆளுக்கொரு சாயலில் தேடினார்கள். பெரியவளுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு கவுன், ஊசியக்காவுக்கு அதைவிடக் கொஞ்சம் அடங்கிய ஒன்று, அப்பாவுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் வெவ்வேறு மண் சட்டைகள். வாங்க முடிந்ததை வாங்கினார்கள். மற்றதை, அப்போதுதான் வாங்கி வைத்திருந்த அக்கம்பக்கத்தாரிடம் இரவல் கேட்டார்கள். குடியிருப்பில் அப்போது எல்லோரும் எல்லோருடைய சட்டையையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிணவறைக் காவலாளியின் மேற்சட்டை ஐந்தாறு குடும்பப் படங்களில் இருப்பதாகப் பேச்சு.

அலுவலர் நிற அட்டையை விரித்தார். முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"நிறம் பரவாயில்ல. ஆனா எல்லாமே புதுசா இருக்கு. வாழ்ந்த தோற்றம் இல்ல. நேத்து வாங்கின மாதிரி இருக்கு."

"நேத்துதான் மேடம் வாங்கினோம்."

"உண்மையைச் சொல்றது நல்ல பழக்கம். ஆனா படத்துல அது தெரியக் கூடாது."

உள்ளேயிருந்து புகைப்படக்காரர் எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து ஒரே ஒரு குடும்பத்தைத்தான் அவரிடம் அனுப்பியிருந்தார்கள். "மேடம், கம்ப்யூட்டர்ல போட்டா சாயலை மாத்திடலாம். ரெண்டு நிமிஷ வேலை," என்றார்.

அலுவலருக்கு வந்ததே கோபம். "பொய்யான படத்தை இந்தப் பிரிவு ஒரு நாளும் ஏத்துக்காது. சுவர்ல இருக்கிறது உண்மையான குடும்பம், உண்மையான உடுப்பு, உண்மையான சிரிப்பு. அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவருக்குப் பின்னால், திறந்திருந்த கதவின் வழியே, படப் பின்திரை தெரிந்தது. அதில் ஒரு மாளிகையும், குளமும், குளத்தில் வாத்துகளும் வரையப்பட்டிருந்தன.

மறுநாள் மெஷின்காரர் எல்லா உடைகளையும் ஒரு பையில் போட்டுச் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். புதுத்துணியின் மினுக்கை எடுப்பது அவருக்குப் பெரிய வித்தை இல்லை. போர்வை ஓட்டத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சுற்று விட்டால் போதும். துணிகளைப் போட்டார், கதவை மூடினார், விசையை அழுத்தினார். பக்கத்து இயந்திரக்காரரோடு காட்சி ஒழுங்குப் பிரிவைத் திட்டிக்கொண்டிருந்ததில் கை எதை அழுத்தியது என்று அவர் பார்க்கவில்லை. கை தினமும் அழுத்துவதையே அழுத்தியது: அறுவை அரங்கத் துணிக்கான கொதிநீர் ஓட்டம். அது ஓடத் தொடங்கிவிட்டால் முடியும்வரை கதவு திறக்காது. கண்ணாடி வழியே செங்கல் நிறத் தண்ணீர் சுழல்வதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

வெளியே வந்தபோது ஒவ்வொரு துணியும் பெரியவளின் கவுனிலிருந்து இறங்கிய சாயத்தைத் தன் பங்குக்குக் குடித்திருந்தது. பஞ்சுத் துணி ஆழமாக, கலப்புத் துணி மேலோட்டமாக. எல்லாமே சுருங்கியும் இருந்தன. மெஷின்காரரின் சட்டை பெரியவளுக்குச் சரியாக வந்தது. ஊசியக்காவின் கவுனுக்குள் ஊசியக்கா நுழைய முடியவில்லை.

"கொதிக்க வச்சீங்களா? அடப்பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் துவைச்சுப் போடுறீங்க, சொந்த வீட்டுத் துணியைக் கஷாயம் வைப்பீங்களா?"

"கை தவறிப்போச்சும்மா."

"நானும் நாளைக்குக் கை தவறி எவனுக்காவது கண்ணுல குத்திட்டு வரேன்."

வீட்டில் அன்று எள்ளும் கொள்ளும் வெடித்தன. ஒரு சட்டை மட்டும் தப்பித்தது. பக்கவாட்டில் பிரித்து வைத்திருந்ததால் அப்பாவின் சட்டை சுருங்கியும் அவருக்குச் சரியாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் குறை தெரியலையே," என்று அவர் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வேறு துணிக்கு வழியில்லை. பெரியவள் மெஷின்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டாள், ஊசியக்கா பெரியவளின் கவுனோடு சேர்த்துக் கொதிக்கவைத்த ஒரு பழைய கவுனை மாட்டிக்கொண்டார், மெஷின்காரர் லிஃப்ட்காரரின் சட்டையொன்றை அதே சாயத்தில் முக்கி எடுத்துப் போட்டுக்கொண்டார். தலையில் அடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்கள்.

அலுவலர் நிற அட்டையை விரித்தார். ஒரு தோளில் வைத்தார். இன்னொரு தோளில் வைத்தார். அட்டையை மடக்கிவிட்டார்.

"இதுதான். மழை விட்ட மண். எங்க வாங்கினீங்க?"

"வாங்கல மேடம். துவைக்கும்போது தப்பு நடந்துபோச்சு."

"எந்த ஓட்டத்துல?"

அடுத்த வாரம் புதிய உத்தரவு வந்தது. மூன்றாம் எண் இயந்திரம் மார்ச் முடியும்வரை குடும்ப உடைகளுக்கு மட்டும். கட்டடம் கட்டடமாகத் துணி மூட்டைகள் வந்து சலவைக் கூடத்தின் வாசலில் குவிந்தன. அறுவை அரங்கத்துத் துணிகள் மற்ற இயந்திரங்களில் முறை வரக் காத்திருந்தன. விரிப்பு இல்லாமல் சில அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அறுவை மருத்துவர் ஒருவர் காலணியைக்கூட மாற்றாமல் காட்சி ஒழுங்குப் பிரிவுக்கு வந்து கத்தினார். மெஷின்காரர் அப்போது அங்கே செய்முறை விளக்கம் எழுதிக் கொடுக்க வரவழைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

"குடல் அடைச்சவன் காத்துக்கிட்டிருக்கான். நீங்க இங்க சட்டைக்குச் சாயம் போட்டுக்கிட்டிருக்கீங்க!"

"டாக்டர், நிதானமாகப் பேசுவோம்," என்றார் அலுவலர், டாக்டரின் காலரைப் பார்த்து. "மதிப்பீட்டுக் குழு நுழைவுக் கூடத்துக்கு வரும். அறுவை அரங்கத்துக்குள் வர அவர்களுக்கு அனுமதி இல்லை, தொற்று அபாயம். அப்படியானால் எது முதலில் சரியாக இருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். நீங்கள் ஒரு நோயாளியைக் காப்பாற்றுகிறீர்கள். நான் மருத்துவமனையைக் காப்பாற்றுகிறேன். உங்கள் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை."

மார்ச் கடைசி வாரத்தில் மெஷின்காரர் குடும்பத்துக்கு முறை வந்தது. நிறச் சோதனை தேறிவிட்டதால் முதன்முறையாகக் கதவு அவர்களுக்கு முழுதாகத் திறந்தது. நடைவழியில் காத்திருந்த அப்பாவைப் பெரியவள் தள்ளிக்கொண்டு வந்தாள். அலுவலர் அவர் சட்டையைப் பார்த்துப் பாராட்டினார். குடும்பத்திலேயே மிகச் சரியாக உடுத்தியிருப்பவர் இவர்தான் என்றார். பிறகு பார்வை கீழே இறங்கியது.

"நாற்காலி நீலமா இருக்கே."

"அது மருத்துவமனை நாற்காலி மேடம். எல்லாமே நீலம்தான்."

"நீலம் நர்ஸ்களோடது."

"அது சட்டைக்குத்தானே? இது நாற்காலி."

"உக்காந்திருக்கிறவர் உடுத்தியிருக்கிறதுல பெரிய பங்கு நாற்காலிதான். முதுகு, கை, கால் எல்லா இடத்துலயும் அதுதான் தெரியுது. என் கண்ணுக்கு இவர் நீலம் உடுத்தியிருக்கார்."

துணியால் மூடலாமா என்று ஊசியக்கா கேட்டார். மூடினால் எதையோ மறைப்பது போலிருக்கும் என்றார் அலுவலர். சாயம் பூசலாமா என்று மெஷின்காரர் கேட்டார். அரசாங்கச் சொத்து என்றார். சாதா நாற்காலியில் உட்காரவைத்தால்? பக்கப்பிடி இல்லாமல் அப்பா சரிந்துவிடுவார். உட்காரவைத்தே பார்த்தார்கள், சரிந்தார்.

"இவர் இல்லாமலே எடுத்துடுங்களேன்," என்றார் அலுவலர். "நாலு பேரும் அழகா இருக்கீங்க."

"படத்துல இல்லாதவங்க குடும்பத்துல இல்லன்னு உங்க விதியிலயே போட்டிருக்கே மேடம்," என்றார் மெஷின்காரர். "இவர் குடும்பத்துல இல்லன்னா கீழ்வீடு போயிடும். மாடியில இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே தயங்கும் ஆரஞ்சு நிறத்தில் லிஃப்ட்காரர் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

வழி சொன்னவர் புகைப்படக்காரர். பின்திரை இரண்டு துண்டாகத் தொங்கியது. மாளிகை ஒரு துண்டில், குளம் மறு துண்டில். அவை சேரும் இடத்தில் ஓர் இடைவெளி. "பெரியவரைத் திரைக்குப் பின்னால வச்சுடலாம். கையை மட்டும் நடுவால நீட்டி மகன் தோள் மேல வைக்கட்டும். கை தெரிஞ்சா ஆள் இருக்கார்னு அர்த்தம்தானே மேடம்?"

அலுவலர் யோசித்தார். "கையின் நிறத்துக்கு விதி எதுவும் இல்ல," என்றார்.

உட்கார்ந்த வாக்கில் நீட்டினால் கை மகனின் இடுப்புக்குத்தான் எட்டியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது போலிருக்கிறது என்று அலுவலர் முகம் சுளித்தார். அவர் சொன்னபடி சலவைக் கூடத்துத் துணி வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அதன் மேல் நாற்காலியோடு அப்பாவைத் தூக்கி வைத்தார்கள். லிஃப்ட்காரர் பிடித்துக்கொண்டார்.

"எந்த மாடிக்குப் போகணும் ஐயா?" என்றார் லிஃப்ட்காரர்.

"முதல்ல உயிரோட இறக்குடா," என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல்.

இடது கை இடைவெளி வழியே வந்து மெஷின்காரரின் தோளில் அமர்ந்தது. சின்னவன் ரயில் சட்டை இல்லாத துக்கத்தில் இருந்தான். மற்றவர்கள் சொன்னபடி சிரித்தார்கள். படம் அன்றே அங்கீகரிக்கப்பட்டது.

ஏப்ரல் இரண்டாம் தேதி வீட்டு வசதிப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். எழுத்தர் எழுந்து நின்று மெஷின்காரரின் கையைக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். படம் பிரமாதம். ஒதுக்கீடு புதுப்பிச்சாச்சு. நாலாம் மாடி, லிஃப்ட்காரருக்கு எதிர்வீடு."

"நாலாம் மாடியா? சார், எங்கப்பா நடக்க மாட்டாரு சார்."

எழுத்தர் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்தக் கை யாருது?"

"அப்பாவோடது."

"உங்க தோளுக்கு மேல வச்சிருக்காரு. அப்படின்னா உங்களுக்குப் பின்னால நிக்கிறாரு. உங்களைவிட உயரமா வேற இருக்காரு. இவரைப் படியேற முடியாதவர்னு நான் எப்படி எழுதுறது?"

"அது நிக்கல சார். திரைக்குப் பின்னால துணி வண்டி மேல நாற்காலியை ஏத்தி..."

எழுத்தர் கையை உயர்த்தினார். "அப்போ படம் பொய்யா?"

மெஷின்காரர் படத்திலிருந்த கையைப் பார்த்தார்.

"பொய்னா சொல்லிடுங்க. படத்தை ரத்து பண்ணிடலாம். தேதி முடிஞ்சதால மறுபடி எடுக்க முடியாது. நாலாம் மாடியும் கிடையாது."

"பொய் இல்ல சார்," என்றார் மெஷின்காரர்.

மறுநாள் அவர் அப்பாவையே நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து எழுத்தர் முன்னால் நிறுத்தினார். பக்கவாத மருத்துவரின் சான்றிதழும் கையில் இருந்தது. எழுத்தர் சான்றிதழை மரியாதையோடு வாங்கிப் பார்த்தார்.

"இது போன வருஷத்துத் தேதி. படம் இந்த வருஷம். நடுவுல குணமாகியிருக்காரு."

"தம்பி, நான் உன் எதிர்ல உக்காந்திருக்கேன்," என்றார் அப்பா. "எழுந்திருக்க முடிஞ்சா எழுந்திருக்க மாட்டேனா? எழுந்திருச்சு முதல்ல உன்கிட்டதான் வருவேன்."

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நாங்க ஆளைப் பார்த்து முடிவு பண்றதில்ல. ஆள் நாளுக்கு நாள் மாறுவாங்க. படம் மாறாது."

அப்பா இடது கையைத் தூக்கி மேசைமேல், படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "பாரு. இதே கைதானே?"

எழுத்தர் குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "அதே கைதான்," என்றார். "அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல."

மெஷின்காரர் காட்சி ஒழுங்குப் பிரிவுக்கு ஓடினார். அலுவலர் அவரை உட்காரச் சொல்லி, இயக்குநர் அறையிலிருந்து வந்திருந்த குறிப்பைக் காட்டினார். எல்லாப் படங்களிலும் இது ஒன்றுதான் சுவரின் நடுவில் பெரிதாக வைக்கத் தேர்வாகியிருந்தது. கீழே எழுத வேண்டிய வாசகமும் தயாராக இருந்தது: பக்கவாதத்திலிருந்து மீண்டு, மகனின் தோளில் கைவைத்து நிற்கும் முன்னாள் ஊழியர், நம் சிகிச்சையின் வெற்றி.

"மேடம், வண்டியைக் கொண்டுவரச் சொன்னதே நீங்கதானே. உங்க கண் முன்னாலதானே தூக்கி வச்சோம்."

"நான் பார்த்தேன், மறுக்கவில்லை," என்றார் அலுவலர். "ஆனால் நான் பார்ப்பது முக்கியம் என்றால் இந்தப் பிரிவே தேவையில்லையே. மற்றவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதற்காகத்தான் நான் இருக்கிறேன். நீங்கள் பெருமைப்பட வேண்டும். உங்கள் அப்பாவை யாராலும் முடியாத அளவுக்கு நாங்கள் குணப்படுத்தியிருக்கிறோம்."

மெஷின்காரருக்குக் கை பரபரத்தது. மேசைமேல் நிற அட்டை விரிந்து கிடந்தது. அதை எடுத்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மடக்கினார், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஏப்ரல் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றினார்கள். லிஃப்ட்காரரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சிலரும் சேர்ந்து அப்பாவை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். ஒரு ஓட்டுநர், "தினமும் நாங்க வந்து தூக்கிட்டுப் போறோம் ஐயா," என்றார். அப்பா, "வண்டியைப் பாருங்கடா," என்றார். முதல் வாரம் ஒரு நாள் வந்தார்கள். பிறகு வேலை இருந்தது.

ஜூன் ஒன்பதாம் தேதி தர மதிப்பீட்டுக் குழு வந்தது. நுழைவுக் கூடத்தில் நடுப்படத்தின் முன்னால் நீண்ட நேரம் நின்றது. மருத்துவமனைக்கு முதல் தரச் சான்று கிடைத்தது. காலியான தரைத்தள வீட்டைக் காட்சி ஒழுங்குப் பிரிவு உடைக் கிடங்காக எடுத்துக்கொண்டது. அப்பா நான்காம் மாடியில் இருக்கிறார். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து ஆம்புலன்ஸ் கொட்டகை தெரியாது.